டெல்லி வரைபடம் பிள்ளைகள் கையில்

சென்னையிலிருந்து 30 மணி நேரத்துக்கும் மேல் ரயிலில் உட்கார்ந்து டெல்லிக்குப் போகும் குடும்பங்கள், பெரும்பாலும் அப்பா போட்ட பட்டியலோடுதான் இறங்குகின்றன. செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், எல்லாம் ஒரே நாளில்! மாலைக்குள் பதினைந்து வயதுப் பையன் செல்போனுக்குள் புதைந்துவிடுவான். அவன்மீது தப்பில்லை.

பட்டியலை அவனிடமே கொடுத்துவிடலாம். 2002இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் வண்ணக் கோடுகள் அப்பாவைவிட அவனுக்குச் சீக்கிரம் பிடிபடும். ஜந்தர் மந்தரில் நிழலை வைத்தே நேரம் சொல்லும் பிரம்மாண்டமான சூரியக் கடிகாரம், சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகத்தின் நீராவி இன்ஜின்கள் என்று அவன் தேர்வு வேறாக இருக்கும், இருக்கட்டுமே.

கிழமையை மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். திங்களன்று செங்கோட்டைக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கும் விடுமுறை. ஆக்ராவுக்கும் ஒரு நடை என்றால், வெள்ளியன்று தாஜ்மகால் திறக்காது.