ஜங்ஷன் தானே?

விருத்தாசலம்னு சொன்னா ஹாஸ்டலில் பாதிப் பேர் கேட்கிற கேள்வி இதுதான். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என்று நாலு பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஊர். ராத்திரி ரயிலில் போகும்போது தூக்கக் கலக்கத்தில் டீ வாங்கிக் குடிச்ச ஊர். அதுக்கு மேல தெரியாது. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. அரசாங்கக் கணக்கிலேயே இந்த வட்டாரம் அதோட உண்மையான அளவில் பதிவாகலை.

2011 கணக்கெடுப்பில் விருத்தாசலம் நகராட்சியின் மக்கள்தொகை 73,585. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலைச் சுற்றி இருக்கிற பழைய ஊரும், ஸ்டேஷனை நோக்கி நீண்ட புது ஊரும் இதில் அடக்கம். கிழக்கே இருபது சொச்சம் கிலோமீட்டரில் நெய்வேலி டவுன்ஷிப். அங்கே 1,05,731 பேர். இத்தனை பேர் இருந்தும் நெய்வேலிக்கு நகராட்சி கிடையாது, என்எல்சி நிர்வாகம்தான் பார்த்துக்குது. இரண்டையும் கூட்டினால் 1,79,000 பேருக்கு மேல். ஆனா யாரும் கூட்டுறதில்லை. ஒன்று சின்ன நகராட்சி, இன்னொன்று கம்பெனி காலனி. இப்படித்தான் இரண்டு தனித்தனி ஃபைலில் கிடக்கு.

மண்ணைக் கேட்டால் வேற கதை சொல்லும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது மேலே வெள்ளைக் களிமண் படிவுகள் வரும். விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டும் அரசு செராமிக் கல்லூரியும் வந்ததுக்குப் பக்கத்திலேயே இந்த மண் கிடைச்சது முக்கியக் காரணம். ஆக, சுரங்கம் ஒரு ஊரில், சூளை இன்னொரு ஊரில், நடுவில் முந்திரித் தோப்பு. வேலைக்கும் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜனங்க தினமும் இந்தத் தோப்பைத் தாண்டித்தான் போய்வர்றாங்க.

நம்ம சென்சஸ் விதிப்படி இரண்டு ஊரை ஒரே நகரத் தொகுப்பாகச் சேர்க்கணும்னா கட்டடங்கள் இடைவெளி விடாமல் தொட்டுக்கிட்டுப் போகணும். தோப்பு குறுக்கே வந்தால் கணக்கு அங்கேயே முடிஞ்சது. அமெரிக்காவில் வேற மாதிரி பார்க்கிறாங்க. ஒரு கவுண்டியிலிருந்து மையக் கவுண்டிக்கு வேலைக்குப் போகிறவங்க 25 சதவீதம் இருந்தால் அதையும் மெட்ரோ பகுதியில் சேர்த்துடுவாங்க, நடுவில் எத்தனை மைல் சோளக்காடு இருந்தாலும்.

இல்லினாயில் இருக்கிற ஷாம்பெயின்–அர்பானா இதுக்கு நல்ல உதாரணம். அர்பானாதான் பழைய ஊர். 1854ல் ரயில் பாதை அதுக்கு மூணு கிலோமீட்டர் மேற்கே போயிடுச்சு. ஸ்டேஷனைச் சுற்றிப் புது ஊர் முளைச்சது, அதுதான் ஷாம்பெயின். இரண்டுக்கும் நடுவில் 1867ல் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவினாங்க. 2020 கணக்கில் இரண்டு ஊரும் சேர்ந்து 1,26,000 சொச்சம்தான், அதாவது நம்ம இரண்டு ஊரைவிடக் குறைவு. ஆனா மெட்ரோ பகுதி என்று பார்த்தால் 2,22,000க்கு மேல். அந்தப் பல்கலைக்கழகத்திலும் தனியாக ஒரு செராமிக் துறை இருந்து, பிறகு மெட்டீரியல்ஸ் சயின்ஸோட சேர்ந்தது. பழைய ஊர், ரயில் ஊர், செராமிக் எல்லாம் நம்மகிட்டயும் இருக்கு. நடுவில் வந்து உட்கார்ந்த பல்கலைக்கழகம் மட்டும்தான் இல்லை.

இங்கே செராமிக் டிப்ளமோ படிக்கலாம். பி.டெக் செராமிக் படிக்கணும்னா கிண்டிக்கு, ஏ.சி. டெக்குக்குப் போகணும். மண் இங்கே, சூளை இங்கே, பட்டம் மட்டும் 200 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்! அப்படிப் போகிற பையன் கணக்கெடுப்பு நாளில் ஹாஸ்டலில் இருந்தால் சென்னை ஆளாகத்தான் பதிவாவான். நம்ம பேட்சுக்கும் இது பொருந்தும். அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ வச்சு நடக்குது. ஹாஸ்டலில் இருக்கிற நாம எல்லாரும் இந்தக் காலேஜ் இருக்கிற ஊரோட தலைக்கணக்கில்தான் சேருவோம். படிக்கிறவங்க கிளம்பிப் போற ஊர் கணக்கில் இளைக்கும். இளைச்ச ஊருக்குப் புதுக் காலேஜ் எதுக்குன்னு கேட்பாங்க. அதனால இன்னும் கொஞ்சம் பேர் கிளம்புவாங்க.

"டிகிரி கொண்டுவந்தா மட்டும் அங்கே வேலை இருக்கா?"ன்னு எங்க கிளாஸ்லயே ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். எஸ்டேட்டில் செய்ற சரக்கு பொம்மை, அகல்விளக்கு, ப்யூஸ் கேரியர். வீட்டுக்கு வீடு எம்சிபி வந்தப்புறம் பீங்கான் ப்யூஸை யார் வாங்குறாங்க? ஆனா அதனாலதான் டிகிரி வேணும்கிறேன். அலுமினா பாகங்கள், உலைக்கான ரிஃப்ராக்டரி, தேய்மானம் தாங்கும் லைனிங் மாதிரி சரக்குக்கு மாறணும்னா டெஸ்டிங் லேப் வேணும், சூளையின் வெப்பநிலையைப் பிடிச்சு வைக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். ஒரு சின்ன யூனிட் முதலாளி இதையெல்லாம் தனியாகக் கொண்டுவர முடியாது. பக்கத்திலேயே என்எல்சியின் அனல்மின் நிலையங்கள் இருக்கு. அங்கே ரிஃப்ராக்டரியும் லைனிங்கும் தேவைப்படாத வருஷமே இருக்காது.

கட்டடம் தொடணும்கிற விதியை டெல்லியில்தான் மாத்தணும், அது நம்ம கையில் இல்லை. ஆனா விருத்தாசலத்தையும் நெய்வேலியையும் ஒரே வட்டாரமாக வச்சுத் திட்டம் போடுறதுக்கும், இருக்கிற செராமிக் கல்லூரியில் பி.டெக் தொடங்குறதுக்கும் முதலில் சென்னைக் கோட்டையில் முடிவெடுக்கணும். முதல் வருஷம் முப்பது சீட் கொடுத்தாலே போதும். டிப்ளமோ முடிச்சவங்க லேட்டரல் என்ட்ரியில் நேரா இரண்டாம் வருஷத்தில் சேர்ந்துப்பாங்க.