வைத்திய மாணவர்களும் கிராமங்களும்

வைத்தியம் படிக்கின்ற பிள்ளைகளைக் கொஞ்ச காலமாவது கிராமங்களுக்கும் சிறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பிப் பழக்க வேண்டும் என்கின்ற பேச்சு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. ஸர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஏற்பட்ட கமிட்டி 1946-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையிலேயே, வருங்கால டாக்டர் சமூகத்துக்கான டாக்டராக இருக்க வேண்டும் என்றும், அதற்காக நோய்த் தடுப்பிலும் சமூக வைத்தியத்திலும் மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. பிறகு 1977-ல் மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் சில கிராம வட்டாரங்களின் பொறுப்பை ஏற்று அங்கே மாணவர்களைப் பழக்க வேண்டும் என்று இந்திய சர்க்கார் ஒரு திட்டம் போட்டார்கள். 2020-ல், எம்.டி., எம்.எஸ். படிக்கின்றவர்கள் மூன்று மாதம் ஜில்லா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தே தீர வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. 2021-ல், எம்.பி.பி.எஸ். முடித்து ஒரு வருஷம் பயிற்சி டாக்டராக இருக்கின்றவர்கள் அதில் 12 வாரத்தைச் சமூக மருத்துவத்தில், அங்கேயே தங்கிக் கழிக்க வேண்டும் என்று மற்றொரு விதி வந்தது. 2021-22-ல் சேர்ந்த மாணவர்கள் முதற்கொண்டு, முதல் வருஷத்திலேயே ஒவ்வொருவரும் சில கிராமக் குடும்பங்களைத் "தத்தெடுத்துக்" கொள்ள வேண்டும் என்பதும் பாடத்தில் சேர்ந்துவிட்டது.

ஆகவே உத்தரவுக்குப் பஞ்சமில்லை. காரியம் எவ்வளவு நடந்திருக்கிறது என்பதே நமது கேள்வி.

முதலில், இது எதற்காக வேண்டும் என்று பார்ப்போம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா நோயும் வருகின்றதே, அங்கே படித்தால் போதாதா என்று சிலர் கேட்கின்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவது எல்லா நோயும் அல்ல. அதுவரை பிழைத்து வந்து சேர்ந்த நோய் மாத்திரந்தான் அங்கே வருகின்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல.

கட்டுவிரியன் பாம்பை எடுத்துக்கொள்வோம். தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கின்ற ஏழையை அது ராத்திரியில் கடிக்கின்றது. அநேகமாக வலி இருப்பதில்லை, வீக்கம் இருப்பதில்லை, பல் பட்ட இடம்கூடக் கண்ணுக்குச் சரியாய்த் தெரிவதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருக்கின்றான். பிறகு கண் இமை தானாகச் சொருகுகின்றது. பிறகு பேச்சுக் குழறி, மூச்சு நிற்கப் பார்க்கின்றது. பட்டணத்து மாணவன் இந்த மனிதனை எப்போது பார்க்கின்றான்? தொண்டையில் குழாய் வைத்து, மூச்சு யந்திரத்தில் கிடக்கும்போது பார்க்கின்றான். யந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொள்ளுகின்றான். ஆனால், விடியற்காலை நான்கு மணிக்கு வயிற்றுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் வந்து நிற்கின்றவனுடைய கண் இமையைக் கவனித்து, "நீ எங்கே படுத்திருந்தாய்?" என்று கேட்பதற்கு அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அந்த ஒரு கேள்வியில்தான் உயிர் இருக்கின்றது.

அதுபோலவே ஸ்கிரப் டைபஸ் என்கின்ற உண்ணிக் காய்ச்சல். புதரிலும் வரப்பிலும் இருக்கின்ற, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு, பலருக்கு அக்குளிலோ தொடை இடுக்கிலோ மறைந்திருக்கும். துணியை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்கின்ற மலிவான மாத்திரையே போதும். கண்டுபிடிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாய்ப் பற்றி, குடும்பத்தின் நகை நட்டெல்லாம் அடகுக்குப் போகும். ஆளும் போனாலும் போவான். இந்தப் பொருக்கைத் தேடுகின்ற பழக்கம் படத்தைப் பார்த்து வருவதல்ல. காய்ச்சலென்று வருகின்றவர்களைக் கிராமத்தில் பல நாள் உட்கார்ந்து பார்த்து வர வேண்டியதாகும்.

நிற்க, இப்போது நடக்கின்ற கிராமப் பயிற்சியின் யோக்கியதை என்ன என்று பார்ப்போமானால், பல இடங்களில் அது ஒரு சடங்காகவே முடிந்துவிடுகின்றது. கல்லூரி பஸ் காலை பத்து மணிக்கு வந்து நிற்கின்றது. ஐம்பது பிள்ளைகள் வெள்ளை அங்கியோடு இறங்குகின்றார்கள். ஆளுக்கொரு படிவத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் எத்தனை பேர், கக்கூஸ் உண்டா, அடுப்பு விறகா கேஸா என்று எழுதிக்கொள்ளுகின்றார்கள். பகல் சாப்பாட்டுக்குள் பஸ் திரும்பிவிடுகின்றது. படிவம் கல்லூரி அலமாரியில் தூங்குகின்றது. ஒரு கிராமத்துத் தோழர் நம்மிடம், "ஐயா, எங்கள் தெருவை மூன்று தடவை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு தடவைகூட என் தாயாரின் காலைப் பார்க்கவில்லை" என்று சொன்னார். அந்த அம்மாளுக்குச் சர்க்கரை நோய். காலில் ஆறாத புண். புண்ணுக்குப் படிவத்தில் இடம் இல்லை போலும்!

பயிற்சி டாக்டர்கள் கதை வேறு மாதிரி. கிராமத்துக்கென்று ஒதுக்கப்பட்ட வாரங்களை, மேல்படிப்புப் பரீட்சைக்கு வினா-விடைப் புத்தகம் படிக்கக் கிடைத்த விடுமுறையாக எண்ணுகின்றவர்கள் அநேகர். அவர்களை மாத்திரம் குற்றம் சொல்லிப் பயனில்லை. கட்டுவிரியனைப் பற்றிய கேள்வியைக் கடுதாசியில் கேட்டு, நான்கு விடையில் ஒன்றுக்குக் குறி போடச் சொல்லுகின்ற பரீட்சைக்கு, வயிற்றுவலிக்காரன் கண்ணைப் பார்க்கத் தெரிந்தாலும் ஒன்றுதான், தெரியாவிட்டாலும் ஒன்றுதான். எதற்கு மார்க்குக் கொடுக்கின்றோமோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள்.

அன்றியும், கிராமத்துக்கு அனுப்புகின்றவர்கள் அங்கே சொல்லிக் கொடுக்க யாரை வைத்திருக்கின்றார்கள்? அங்குள்ள டாக்டருக்குக் காலை முழுவதும் வெளிநோயாளிக் கூட்டம். மத்தியானம் ரிப்போர்ட்டு. இடையில் கூட்டம், முகாம், காணொளி விசாரணை. இவ்வளவுக்கும் மேல், "இந்தப் பத்துப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லு" என்றால் அவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பாமல் வேறென்ன செய்வார்? சொல்லிக் கொடுப்பதற்கென்று அவருக்கு நேரமும், ஆசிரியர் என்ற பதவியும், அதற்குண்டான பணமும் கொடுக்கப்பட வேண்டும். கொடுக்காமல் பயிற்சி நடக்கவேண்டுமென்பது விதை போடாமல் அறுவடைக்கு அரிவாள் தீட்டுவதாகும்.

இது ஆகாத காரியமா? ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக்கு 200 கிலோமீட்டருக்கு அப்பால் ரிவர்லாண்டு என்று ஒரு பழத்தோட்டப் பிரதேசம் இருக்கின்றது. ஃப்ளிண்டர்ஸ் சர்வகலாசாலையார் 1997-ல் எட்டு மாணவர்களை அங்குள்ள சிற்றூர்களுக்கு அனுப்பினார்கள். ஒரு நாளைக்கல்ல, ஒரு வாரத்துக்கல்ல, ஒரு முழு வருஷத்துக்கு! அங்குள்ள குடும்ப டாக்டர்களிடமே பிரசவமும், குழந்தை வைத்தியமும், ரண சிகிச்சையும் சேர்த்துப் படித்தார்கள். இந்தப் பிள்ளைகள் பரீட்சையில் பின்தங்கிப் போவார்கள் என்று பலர் பயந்தார்கள். 2004-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற பத்திரிகையில் வெளிவந்த கணக்குப்படி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைவிடச் சிற்றூரில் படித்தவர்களே பரீட்சையில் அதிக முன்னேற்றம் அடைந்திருந்தார்கள். காரணம் கஷ்டமானதல்ல. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியைச் சுற்றிப் பத்து மாணவர்கள் எட்டிப் பார்க்கின்றார்கள். சிற்றூரில் ஒரு மாணவனைத் தேடிப் பத்து நோயாளிகள் வருகின்றார்கள்.

பிலிப்பைன்ஸ் தேசத்தில், லெய்ட்டி தீவில் 1976-ல் ஏற்பட்ட சர்க்கார் பள்ளியின் முறை இன்னும் ருசிகரமானது. அங்கே மாணவர்களைக் கிராமத்தாரே பொறுக்கி அனுப்புகின்றார்கள். சேர்ந்தவள் முதலில் மருத்துவச்சிப் படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பி வேலை செய்கின்றாள். ஊரார் ஒப்பினால் நர்சுப் படிப்புக்குப் போகின்றாள். மறுபடியும் ஊர், மறுபடியும் ஒப்புதல், பிறகு டாக்டர் படிப்பு. மருத்துவச்சியாக இருந்தவள் டாக்டராக வருவது நம் நாட்டில் கதையில்கூட நடவாது. இங்கே நர்சு எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் நர்சுதான். அது ஒரு தனிச் சாதி!

அவ்வளவு தூரம் போவானேன்? நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷத்திலேயே மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி, வீடு வீடாய்ப் பழகுகின்றார்கள். காணியம்பாடி வட்டாரத்திலும் கே.வி.குப்பத்திலும் அக்கல்லூரியார் பல காலமாக வேலை செய்து வருகின்றார்கள். அவர்களுடைய பிரார்த்தனைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மற்றக் கல்லூரியார் காப்பியடிக்க வேண்டியது பிரார்த்தனையையல்ல, அந்த வேலையை.

இனி இந்தத் "தத்து" என்கின்ற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை, நாற்பது வருஷமாக உழுது நடவு செய்து நான்கு பிள்ளைகளை வளர்த்த குடும்பத்தைத் தத்தெடுக்கின்றானாம்! கற்றுக்கொள்ளுகின்றவன் அவன், கற்றுக்கொடுக்கின்றது அந்தக் குடும்பம். தங்கள் நோயையும், கடனையும், வீட்டுக்குள்ளிருக்கும் வெட்கத்தையும் அவன் படிப்புக்குத் திறந்து காட்டுகின்றவர்கள் அவர்கள். அப்படியிருக்க, அவர்களை அனாதைகளாகப் பாவித்துப் பெயர் வைப்பது என்ன நியாயம்? வெறும் வார்த்தைதானே என்று சொல்லுவார்கள். வார்த்தை வெறும் வார்த்தையாக நிற்பதில்லை. தத்தெடுத்தவன் அனுமதி கேட்க மாட்டான். காசு கொடுத்துத் தனி அறையில் படுக்கின்றவனைத் தொட்டுப் பழக எந்த மாணவனும் துணிவதில்லை. தர்ம வார்டில் கிடக்கின்றவனை மாத்திரம் கேளாமலே புரட்டிப் பார்ப்பது வெகுநாள் வழக்கம். அந்த வழக்கம் கிராமத்து வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. மாணவன் தன் பெயரைச் சொல்லி, தான் இன்னும் டாக்டரல்ல என்பதையும் சொல்லி, சம்மதம் கேட்கட்டும். மாட்டேன் என்று சொல்ல அந்த வீட்டாருக்கு உரிமை உண்டென்பதும் பாடத்தில் முதல் பாடமாக இருக்கட்டும். அவன் பரிசோதித்துக் கண்ட நோய்க்கு மேல் சிகிச்சை நடந்ததா என்று கல்லூரி பதில் சொல்லக் கடமைப்பட வேண்டும்.

பெண் பிள்ளைகளைக் கிராமத்தில் தங்க வைப்பது ஆபத்து என்று ஒரு ஆட்சேபணை உண்டு. 2024 ஆகஸ்டில், கல்கத்தாவில், ஒரு பெரிய சர்க்கார் மருத்துவக் கல்லூரியில், வேலையில் இருந்த பெண் டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்குள்ளேயே கற்பழித்துக் கொலை செய்யப்பட்டார். ஆபத்துக்குப் பட்டணம், கிராமம் என்ற பேதமில்லை. தாழ்ப்பாள் உள்ள கதவு, தண்ணீருள்ள கக்கூஸ், ராத்திரி வெளிச்சம், காவலுக்கு ஆள் ஆகிய இவைகள்தான் பாதுகாப்பு. இவைகளைச் செய்து கொடுக்காமல், பெண்களை அனுப்பாமலிருப்பதே பாதுகாப்பு என்பது சோம்பேறிகளின் நியாயம். பஸ் சார்ஜையும் சாப்பாட்டுச் செலவையும் மாணவர் தலையில் கட்டுவதும் கூடாது. ஏழைப் பிள்ளைக்கு அதுவே பெரிய தொகை.

கடைசியாக, கிராம சுகாதார நர்சுகளைப் பற்றி. எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கின்றாள், எந்தக் குழந்தைக்கு ஊசி தவறிப் போயிற்று, காசநோய் மாத்திரையை யார் பாதியில் நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் அந்த அம்மாளுக்குத் தெரியும். வைத்திய மாணவன் ஒரு வாரம் அவள் பின்னால் நடந்தால் புஸ்தகத்தில் இல்லாததைக் கற்பான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தம் பார்க்கின்ற பெண்களும், படுக்கையில் விழுந்தவர்களுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கின்றவர்களும் இருக்கின்றார்கள். நர்சு, பிசியோதெரபி, மருந்தாளுநர் படிக்கின்ற பிள்ளைகளும், டாக்டருக்குப் படிக்கின்ற பிள்ளைகளும் சேர்ந்தே இவர்களோடு போகட்டும். போய் வந்தபின், மாணவனுக்கு எவ்வளவு மார்க்கு என்பதில் அந்தக் கிராம நர்சுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். டாக்டராகப் போகின்றவனுக்கு நர்சு மார்க்குப் போடுவதா என்று சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 சர்க்கார் மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. ராமநாதபுரம், கள்ளக்குறிச்சி, அரியலூர், நீலகிரி முதலிய இடங்களில் இன்று மாணவர்கள் இருக்கின்றார்கள். அவர்களைச் சுற்றிலும் கிராமங்கள்தான். எனினும் கல்லூரிக் கட்டடத்துக்குள்ளேயே அடைத்து வைத்தால் அரியலூரும் ஒரு சின்னப் பட்டணந்தான்.

அடுத்த கிராம சபை கூடும்போது நமது தோழர்கள் எழுந்து, ஆரம்ப சுகாதார நிலையத்து அதிகாரியிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம். இந்த வருஷம் எத்தனை மாணவர்கள் வந்தார்கள்? எத்தனை ராத்திரி தங்கினார்கள்? அவர்கள் கண்டு எழுதிய நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, ஒரு நகலை நமக்கும் அனுப்பினால், ஊர் பெயரோடு இப்பத்திரிகையில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கின்றோம்.