சக்கரத்தின் வயது வண்டியின் வயதாகாது

சென்ற வாரம் வடநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றுக் கண்காட்சியில் ஒரு மிதிவண்டியைப் பார்த்தேன். கரும்பச்சை வண்ணம் பளபளக்க, பொற்கோடுகள் இழைக்கப்பட்டு மேடைமீது நின்றது. ‘ராலே, 1947. முற்றிலும் அசல் பாகங்களுடன் மீட்டெடுக்கப்பட்டது. சுதந்திர ஆண்டின் சாட்சி’ என்றது விளக்க அட்டை. ஆண்டை எவ்வாறு கணித்தீர்கள் என்று பொறுப்பாளரைக் கேட்டேன். பின்சக்கரத்தின் ஹப்பைக் காட்டினார். ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயர், ஏ.டபிள்யூ. என்ற வகைக்குறி, அதையடுத்து 47, 8. சான்று அவ்வளவே.

47 ஆண்டைக் குறிக்கும்; 8 மாதத்தை. ஆகஸ்ட் என்பது அவர்களை மேலும் மயக்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த மூன்று வேக ஹப் எப்போது தயாரானது என்பதைத் தவிர அம்முத்திரை வேறெதையும் சொல்வதில்லை. மிதிவண்டியில் அடிக்கடி மாற்றப்படுபவற்றுள் சக்கரமும் ஒன்று. ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் ராலேயின் கைக்குள் இருந்தபோதும் அதன் ஹப்புகள் பிற நிறுவன வண்டிகளிலும் பொருத்தப்பட்டன. ஆகவே இம்முத்திரையைக்கொண்டு வண்டியின் ஆண்டை மட்டுமன்று, வண்டி எவருடையது என்பதைக்கூட நிறுவ இயலாது. சுவடிக்கட்டு ஒன்றில் ஓர் ஏட்டின் காலத்தைக் கண்டறிந்து கட்டு முழுவதற்கும் அதையே எழுதிவைக்கும் மாணவரை நாம் தேர்ச்சி பெறவிடுவோமா?

ஒவ்வொரு பாகமும் தன் வயதை மட்டுமே சொல்லும். வண்டி இப்போதுள்ள வடிவில் எப்போது கூடியது என்று அறிய, அதிலுள்ளவற்றுள் மிகப் பிந்திய பாகத்தைத் தேட வேண்டும். இந்த வண்டியின் கிராங்கின் உட்பக்கத்தில் ‘இந்தியத் தயாரிப்பு’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. அதைக்கொண்டு வண்டி 1947க்குப் பிந்தியது என்று நானும் அவசரப்பட மாட்டேன். பம்பாயின் ஹிந்த் சைக்கிள்ஸ் போன்றவை சுதந்திரத்துக்கு முன்பே இங்கு வண்டி செய்தன. ஆயினும் அசன்சோலில் சென்-ராலேயும் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸும் 1950களின் தொடக்கத்தில் உற்பத்தியில் இறங்கியபின் இந்திய உதிரிப்பாகங்கள் எங்கும் பரவின. அந்தக் கிராங்க் எக்காலத்ததாக இருப்பினும் ‘முற்றிலும் அசல்’ நாட்டிங்ஹாம் வண்டி என்ற கூற்று அதனோடு பொருந்தாது.

அந்த ஹப் இந்த பிரேமுக்கே உரியதா என்பதை அறிய ஒரு வழி இருந்தது. மூன்று வேக ஹப் உள்ள வண்டியில் கியர் கம்பியைத் தாங்கும் பட்டைகள் பிரேம் குழாய்களை இறுகப் பிடித்திருக்கும். பல்லாண்டுகள் இருந்தால் பழைய எனாமலில் தழும்பு விழும். இங்கே மணல் பீய்ச்சி, பழைய வண்ணத்தை இரும்புவரை உரித்துவிட்டார்கள். முன்குழாயில் புதிய பித்தளைப் பட்டயம் ஒன்றும் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் விளிம்புக்கு வெளியே பழைய துளையொன்றின் பள்ளம் வண்ணத்தையும் மீறித் தெரிகிறது.

எஞ்சியிருந்தது மரை. ராலே தன் சாதாரணச் சாலை வண்டிகளில் பெடல் அச்சின் கிண்ணங்களுக்கு அங்குலத்துக்கு 26 மரை வெட்டியது. பிற ஆங்கில நிறுவனங்கள் பெரும்பாலும் 24. எந்தப் பூச்சாலும் மறைக்க முடியாத சான்று. கிண்ணத்தைக் கழற்றி மரை அளவியை வைத்துப் பார்க்கலாமா என்றேன். வண்ணம் உதிர்ந்துவிடும் என்றார்கள்!

அழகுக்காகத்தானே, காட்சிப்பொருளுக்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று உடனிருந்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். ஓவியர் தம் வீட்டு முற்றத்தில் எதையும் எப்படியும் தீட்டட்டும். பல்கலைக்கழகம் ஆண்டெழுதி அட்டை வைத்தால், நாளை ஓர் ஆய்வேடு அதை மேற்கோள் காட்டும்.

பழைய பாகங்கள் எங்கே என்று இறுதியாகக் கேட்டேன். பால்கேன் தாங்கிய தடித்த கேரியர், உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைத்த மட்கார்டு, ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு பித்தளை வில்லை. ‘அசல்’ அல்ல என்பதால் மூன்றும் பழைய இரும்புக் கடைக்குப் போயினவாம். அந்த வில்லை நகராட்சி மிதிவண்டி வரிக்குக் கொடுத்தது. அதில் ஊர்ப்பெயர் இருந்திருக்கும், எண் இருந்திருக்கும், ஆண்டும் இருந்திருக்கும். இந்த வண்டி இந்திய மண்ணில் எங்கே, எப்போது ஓடியது என்பதற்கு அதன்மீதே இருந்த எழுத்துச்சான்று அது. நாட்டிங்ஹாமின் எண்ணைத் துடைத்து மினுக்கியவர்கள் நம் ஊரின் எண்ணை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். எடைச்சீட்டைக்கூட வைத்திருக்கவில்லை.

அட்டையை மாற்றக் கோரி எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். நான் எழுதித் தந்த வாசகம் இது: ‘பின்சக்கர ஹப்: 1947 ஆகஸ்ட். கிராங்க்: இந்தியத் தயாரிப்பு, காலம் அறியப்படவில்லை. பிரேம்: தயாரிப்பாளரும் காலமும் உறுதிப்படவில்லை. வண்ணமும் பட்டயமும்: இவ்வாண்டு. கேரியர், மட்கார்டு, உரிம வில்லை: மீட்டெடுப்பின்போது அகற்றப்பட்டன.’ இதுவரை பதில் இல்லை.