கூண்டுக்கு என்ன வேலை?

திருகோணமலைக் கடலில் சுற்றுலாப் பயணிகள் உள்ளே நின்று சுறா பார்க்கும் கூண்டு இறக்கினால் தம்பலகாமம் வரை காசு புரளும் என்கிறார் நண்பர். தென்னாபிரிக்காவின் கான்ஸ்பாயைப் பார்க்கச் சொல்கிறார். பார்த்தாயிற்று. அங்கே கூண்டைச் சுற்றி வந்தவை குளிர்நீர்ப் பெருவெள்ளைச் சுறாக்கள். 2017இல் ஓர்காக்கள் (கொலையாளித் திமிங்கிலங்கள்) அவற்றைக் கொன்று ஈரலைத் தின்னத் தொடங்கின. மிஞ்சியவை இடம் பெயர்ந்தன. ஒற்றை விலங்கை நம்பிய தொழில் ஆட்டங்கண்டது.

நிலாவெளிக்கு எதிரே புறாமலையில் இருப்பது கறுப்புத் துடுப்புநுனிச் சுறா. ஆள் உயரத்தைத் தாண்டுவதே அரிது. மனிதரைக் கண்டால் அதுதான் விலகி ஓடும். நீந்துபவருக்குக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போதும். கூண்டு கட்டி யாரை யாரிடமிருந்து காப்பாற்றப் போகிறோம்?

திமிங்கிலம் பார்க்கும் படகுகளையும் கூட்டலாம் என்கிறார் நண்பர். அதில் பாதி உடன்படுகிறேன். துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குவதால் நீலத்திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வருகிறது. 1980களில் ‘துலிப்’ என்ற ஆய்வுப் படகு இங்கே திமிங்கிலங்களைத் தேடி அலைந்தது, பிறகு போர். அதெல்லாம் சரி, ‘இன்னும் படகு விடுவோம்’ என்பதுதான் இடிக்கிறது. 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாதென்று 2012இலேயே விதி வந்துவிட்டது. அப்படியிருந்தும் தென்கரை மிரிஸ்ஸவில் ஒரு திமிங்கிலத்தைப் பல படகுகள் சூழ்ந்து துரத்துகின்றன. அதையா இங்கும் கொண்டுவர வேண்டும்?

நண்பரே, கூண்டுக்கு ஒதுக்கிய காசில் முதலில் நம் படகோட்டிகளுக்கு எஞ்சினை எப்போது நிறுத்துவதென்று பழக்குங்கள்.