அப்பா பேருக்கு எத்தனை அங்குலம்?

செக்ரோல் புத்தகத்தைப் பார்த்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். தோட்டத்து ஆபிசில் கிராணி ஐயா மேசை முழுக்க விரித்து வைக்கும் அகலமான புத்தகம். இடது ஓரத்தில் பெயர், அதற்குப் பிறகு நாளுக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டிக் கட்டங்கள், கடைசியில் கூலிக் கணக்கு. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவருக்கு ஒரு குறி. கோடுகள் முன்பே போட்டாகிவிட்டது. பெயர் நீளமாக இருந்தால் பெயர்தான் சுருங்க வேண்டும். எத்தனையோ பாலசுப்பிரமணியங்கள் 'பாலா' ஆனது அன்பினால் மட்டும் அல்ல.

போன மாதம் அதே வேலையை நானும் செய்துவிட்டேன்.

போர்ட்டிக்சனை ஒட்டிய சி ரூசா முக்கிமில், தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது சிரம்பான், கிள்ளான், ஜொகூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒருநாள் ஒன்றுகூட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். புலனக் குழுவில் பெயர்கள் குவிந்தன. "நான் ஓர் அகப்பக்கத்தில் அட்டவணையாகப் போட்டுத் தருகிறேன்" என்று வாய் கொடுத்தது நான். வானொலிக்காரனுக்கு வாய்தானே முதலில் போகும். பெயர், அப்பா பெயர், லயம், இப்போது இருக்கும் ஊர், வருகிறவர் எண்ணிக்கை என்று ஐந்து நெடுவரிசைகள்.

கணினியில் அழகாக இருந்தது. கைப்பேசியில் திறந்தால் அட்டவணை திரைக்கு வெளியே ஓடியது. எனக்குக் கோபம். ஐந்துக்கும் சம அகலம் கொடுத்து, மீறுவதை வெட்டி, மூன்று புள்ளி வைக்கும்படி ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் எழுதினேன். எல்லாம் பெரட்டுக் களத்தில் நிற்பதுபோல் வரிசையாக நின்றது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஓர் அக்கா அழைத்தார். "தம்பி, எம்பேரு இருக்கு. எங்கப்பா பேருல 'சுப்'னு போட்டுப் புள்ளி வச்சிருக்கு. எங்க லயத்துல சுப்பையா இருந்தாரு, சுப்பிரமணியம் இருந்தாரு, சுப்பராயன் இருந்தாரு. நான் யாரு மகன்னு எப்படித் தெரியும் லா?"

அங்கே ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் பிரித்துச் சொல்வது அப்பா பெயர்தான். நான் வெட்டியது அதை. வருகிறவர் எண்ணிக்கைக்கு, ஓர் இலக்கத்துக்கு, அதே அளவு இடத்தைத் தாராளமாகக் கொடுத்திருந்தேன்.

அட்டவணையின் அகலத்தை உலாவி இரண்டு விதமாக முடிவு செய்யும். முதல் விதம் 'ஆட்டோ'. எல்லா வரிசைகளையும் படித்து, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இரண்டு அளவுகளைக் கணக்கிடும்: உடைக்க முடியாத மிக நீளமான சொல்லின் அகலம் ஒன்று, அனைத்தும் ஒரே வரியில் நின்றால் ஆகும் அகலம் இன்னொன்று. முதல் அளவுக்குக் கீழே அது இறங்காது. நீங்கள் 50 பிக்சல் என்று எழுதினாலும் அதை ஒரு யோசனையாக மட்டுமே எடுத்துக்கொள்ளும். தமிழில் சிக்கல் அங்கேதான். நம் பெயர்கள் இடைவெளி இல்லாத ஒரே நீளச் சொல். அதனால்தான் என் அட்டவணை வெளியே ஓடியது.

இரண்டாவது விதம் 'ஃபிக்ஸ்ட்'. இதுதான் செக்ரோல். அட்டவணைக்கு ஒரு மொத்த அகலம் கொடுத்துவிட்டால், நெடுவரிசைகளுக்கு நாம் சொன்ன அளவையோ முதல் வரிசையையோ மட்டும் பார்த்துக் கோடு போட்டுவிடும். கீழே யார் வருகிறார்கள் என்று கேட்காது. இதற்கும் ஒரு நியாயம் உண்டு. அட்டவணைகளுக்கான இணைய விதிமுறை 1996 மே மாதம் வெளிவந்தபோது, நெடுவரிசை அகலத்தை முன்கூட்டியே சொல்ல ஏற்பாடு செய்தார்கள். முழு அட்டவணையும் வந்து சேரும்வரை காத்திருக்காமல், வர வரக் காட்டலாமே என்று. ஜாரிங் காலத்தில் தொலைபேசிக் கம்பியில் இணையம் பார்த்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும்.

சரி, எழுத்தை எண்ணி அகலம் கொடுக்கலாமா? நானும் முயன்றேன். 'பாலசுப்பிரமணியம்' நம் கண்ணுக்கு 10 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் 16 என்கிறது. கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனிக் குறியீடுகள். அந்தக் கணக்கில் வெட்டினால் பெயரே மாறும். 'முருகன்' அதற்கு 7. ஆறாவதில் வெட்டினால் புள்ளி போய் 'முருகன' என்று நிற்கும். 'செல்லம்மா'வில் முதல் குறியை மட்டும் எடுத்தால் 'செ' வராது, வெறும் 'ச' வரும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் 'இன்டல் செக்மென்டர்' என்ற கருவி இப்போது எல்லா முக்கிய உலாவிகளிலும் உண்டு. புள்ளியையும் கொம்பையும் எழுத்தோடு சேர்த்தே பிரிக்கும்.

அகலத்துக்கு அதுவும் உதவாது. 'ர'வும் 'ணி'யும் ஒரே அளவு இடமா பிடிக்கின்றன? போதாததற்கு, எழுத்துரு கருவிக்குக் கருவி மாறுகிறது. ஆப்பிள் கருவிகளில் இருக்கும் 'தமிழ் சங்கம் எம்.என்.' நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்தது, அந்த எம்.என். அவர்தான். ஆண்ட்ராய்டில் அநேகமாக 'நோட்டோ'. ஒரே பெயர் இரண்டிலும் இரண்டு அகலம். ஆகவே எண்ணக் கூடாது, அளக்க வேண்டும். அதுவும் படிப்பவரின் திரையிலேயே.

இப்போது என் ஸ்கிரிப்ட் செய்வது இதுதான். எழுத்துரு முழுதாக வந்து சேரும்வரை காத்திருக்கிறது. அதற்கு முன் அளந்தால் வேறொரு எழுத்துருவின் அளவு வரும். பிறகு அட்டவணையை 'ஆட்டோ'வில் விட்டு, பெயர்கள் உடையாதபடி வைத்து, நெடுவரிசைகளின் அகலத்தை ஒரே மூச்சில் படித்துக்கொள்கிறது. எல்லாவற்றையும் படித்த பிறகே எழுதுகிறது. ஒன்றைப் படித்து, ஒன்றை மாற்றி, மறுபடி படித்து என்று போனால் ஒவ்வொரு தடவையும் உலாவி முழுப் பக்கத்தையும் அடுக்க வேண்டிவரும். பழைய கைப்பேசி திணறும்.

பெயருக்கும் அப்பா பெயருக்கும் அளந்த அகலம் அப்படியே. மிச்சம் இருப்பதை மற்ற மூன்றும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். ஊர்ப் பெயர் இரண்டு வரியாக மடியலாம். தலைப்பில் 'எண்ணிக்கை' என்பதை 'பேர்' என்று சுருக்கினேன். அப்புறம்தான் 'ஃபிக்ஸ்ட்'. திரை ரொம்பக் குறுகல் என்றால் அட்டவணையே வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு சின்ன அட்டையாக ஒன்றின்கீழ் ஒன்று வருகிறார்கள். கணினியில் பார்ப்பவர் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். அந்த அளவு அவர் உலாவியிலேயே பதிவாகும், அடுத்த முறை அப்படியே திறக்கும்.

அக்காவுக்கு இணைப்பை அனுப்பினேன். சிறிது நேரத்தில் குரல் பதிவு வந்தது. "இப்ப சுப்பிரமணியம்னு முழுசா இருக்கு தம்பி. ஆனா அம்மா பேரு எங்க? அவுங்களும்தானே மரம் வெட்டுனாங்க."

ஆறாவது நெடுவரிசை இந்த வாரம் ஏறுகிறது. குழுவில் அம்மா பெயர்கள் வர ஆரம்பித்துவிட்டன. சில பேர் அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன், அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறார்கள். இதுவரை வந்ததில் நீளமானது 'அங்காளபரமேஸ்வரி'. ஊர்க்கட்டம்தான் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும்.