பெற்றவள் முகம்

பிரசவமான வீட்டுக்கு வருகிறவர்கள் குழந்தையின் மூக்கு யாரைப் போல, நிறம் யாரைப் போல என்று விவாதிக்கிறார்கள். பெற்றவள் முகத்தைக் கவனிப்பார் இல்லை.

பிரசவத்துக்குப் பின் சில நாள் காரணமின்றிக் கண் கலங்குவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் தானே தெளிந்துவிடும். அதற்கு மேலும் துக்கம் நீடித்து, குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராமல், 'தாயாவதற்கு நான் தகுதியற்றவள்' என்று அவள் மறுகினால், அது வியாதி. திமிருமன்று, பேய்க்கோளாறுமன்று.

வெளியில் சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. ஆனால், 1948-லேயே இங்கிலாந்தில் காஸல் ஆஸ்பத்திரியில் டாக்டர் டாம் மெயின் தாயைக் குழந்தையோடு சேர்த்தே அனுமதித்தார். பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009 முதல் இதற்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே டாக்டர் யோசனைப்படி உட்கொள்ளத்தக்க மருந்துகளும் உண்டு. ஆலோசனைக்கு 14416 என்ற இலவசத் தொலைபேசி இருக்கிறது. தன்னையோ குழந்தையையோ மாய்த்துவிடுவதாக அவள் பேசினால் மட்டும் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மாத்திரையை டாக்டர் தருவார். இரவில் நாலு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுவது, கணவனும் மாமியாரும் தர வேண்டிய மருந்து.