பார்த்தது மறக்கும், செய்தது நிற்கும்

நமது சங்கத்தின் சென்ற கூட்டத்தில் இளைஞர் ஒருவர் என்னை அணுகினார். ஊழியர்களுக்கு இணையவழிப் பயிற்சிப் பாடங்கள் தயாரிக்கும் உத்தியோகம் அவருக்குப் புதிதாகக் கிடைத்திருக்கிறது. "அண்ணா, அத்தகைய பாடங்களைப் படிப்பவர் தாங்கள். எவ்வாறு அமைத்தால் பயன் விளையும்?" என்று வினவினார். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தா. ஆயினும் கற்பவன் நிலையிலிருந்து சொல்லத் தக்கது ஒன்று உண்டு. அதனை அன்பர்களுக்கும் கூறுகிறேன். நம் குடும்பங்களில் இத்தகைய பயிற்சிக்கு உட்படாத ஊழியர் இன்று அரியர் அல்லவா?

டிக்கெட் கட்டணத்தைத் திருப்பித் தரும் விதிகளைப் பற்றிய பாடம் ஒன்றை ஒரு நாள் திரையில் பார்த்து முடித்தேன். இறுதியில் பத்துக் கேள்விகள். பத்துக்கும் சரியாக விடையளித்துச் சான்றிதழும் பெற்றேன். மூன்று வாரம் சென்றபின் முதியவர் ஒருவர் கவுன்ட்டருக்கு வந்தார். வண்டி நான்கு மணி நேரம் தாமதம். பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டார். "பிடித்தம் போக மீதிதான் கிடைக்கும்" என்றேன். அவரும் மறுபேச்சின்றித் தலையசைத்தார். அருகிலிருந்த மூத்த குமாஸ்தா குறுக்கிட்டார். 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், அது உண்மையில் புறப்படுமுன் டிக்கெட்டை ஒப்படைப்பவருக்கு முழுக் கட்டணமும் உண்டு. பாடத்தில் அவ்விதி இருந்தது. அன்று நான் சரியான விடையும் அளித்திருந்தேன். முதியவரை ஏறிட்டுப் பார்க்க நாணமாயிருந்தது.

படித்தது எங்கே போயிற்று? ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கம் உண்டு. மறதி முதலில் மிக விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்ட முடிவு. 2006-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ரோடிகரும் கார்பிக்கும் மாணவர்களைக் கொண்டு மற்றொன்றைக் காட்டினர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முந்தினர். படித்தபின் நூலைப் பாராது நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களோ, ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முந்தினர். ஆகவே பாடம் முடிந்த கையோடு நடத்தும் பரீட்சை, ஐந்து நிமிட ஞாபகத்துக்கே சான்றிதழ் தருகிறது.

இளைஞருக்கு நான் கூறியவை இவை:

முதலாவது, விதியிலிருந்து தொடங்காமல் வேலையிலிருந்து தொடங்குக. முதியவர் டிக்கெட்டுடன் முன்னே நிற்கிறார். நீ யாது செய்வாய் என்று கேட்டுவிட்டு விதியைச் சொன்னால் மனத்தில் பதியும்.

இரண்டாவது, ஒரு பாடத்துக்கு ஒரு வேலை போதும். பிழையான விடைக்குச் சிவப்புக் குறி மட்டும் இடாமல், அப்பிழையால் யாருக்கு என்ன நட்டம் என்பதையும் காட்டுக.

மூன்றாவது, அதே வினாவை வேறு உருவில் ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் கேட்க வேண்டும்.

நான்காவது, மொழி. பிறமொழி வழங்கும் ஊரில் பிழைக்க வந்தவருக்குத் திரையில் ஓடும் பேச்சு பாதி புரியும், பாதி நழுவும். பேச்சை எழுத்தாகவும் கீழே காட்டி, வேண்டிய இடத்தில் நிறுத்திப் படிக்க வசதி செய்வது பெரிய உபகாரம்.

ஐந்தாவது, எத்தனை பேர் முடித்தனர் என்று எண்ணுவதோடு நில்லாமல், அதன்பின் வேலையில் பிழை குறைந்ததா என்று பார்க்க வேண்டும்.

"இவ்வளவும் செய்ய நாளாகுமே, அண்ணா!" என்றார் இளைஞர். ஆகத்தான் செய்யும். ஆனால் அவர் மிச்சப்படுத்தும் நாளுக்கு விலை கொடுப்பவர், கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும் முதியவரே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் பெரியோர். திரைச் சுரைக்காயும் அவ்வாறே.